அனைத்துலகப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா?

ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்திய வாரம். பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கைகளை எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வகுப்பறை வாசலில் ஒரு தாயார் வந்து நின்றார். என்னிடம் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையனின் அம்மா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இரவு வேலை முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், தொழிற்சாலைச் சட்டையோடு நேரே வந்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேட்கணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கோவிக்க என்னம்மா இருக்கு? உட்காருங்க."

கைப்பையிலிருந்து பளபளவென்று ஒரு வண்ணத்தாளை எடுத்து என் மேசைமேல் விரித்தார். நீச்சல் குளம், கழுத்துப்பட்டை கட்டிய பிள்ளைகள், வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர், பின்னால் பச்சைப் பசேலென்று திடல். பட்டணத்தில் உள்ள ஓர் அனைத்துலகப் பள்ளியின் விளம்பரம் அது.

"இங்கே சேர்க்கலாம்னு பார்க்கிறோம் டீச்சர். அவரு சேமநிதியில மூணாவது கணக்குல இருக்கிறதை எடுத்துடலாம்ங்கிறார். என்னோட சங்கிலியும் இருக்கு. சேர்க்கலாமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க."

அன்பு வாசகர்களே, இந்தக் கேள்வி அந்த ஒரு தாயாரின் கேள்வி மட்டுமன்று. கடந்த பத்து ஆண்டுகளில் கலியாண வீட்டில், கோயில் திருவிழாவில், பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில்கூட, நான் ஆசிரியை என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குரிய பதிலை ஒரே சொல்லில் சொல்லிவிட என்னால் முடிவதில்லை. ஒரு முறை அப்படி ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றுவது கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை போனால் முப்பத்தேழு. ஆகையால் நான் சொல்வதை ஒரு பக்கத்துச் சாட்சியாகவே எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

துரை வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி

என் பாட்டனார் காலத்துத் தோட்டத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள் இருந்தார்கள். லயத்துப் பிள்ளைகள் ஒரு வகை. பங்களாப் பிள்ளைகள் இன்னொரு வகை. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. அப்படி வந்தவைதான் நம்முடைய தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை. ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, பல இடங்களில் கிராணியாரே வாத்தியார்!

பங்களாப் பிள்ளைகளோ சிறு வயதிலேயே கப்பலேறிச் சீமைக்குப் படிக்கப் போய்விடுவார்கள். அப்படி அனுப்ப மனமில்லாத வெள்ளைக்காரர்களுக்காக இங்கேயே பள்ளிகள் தோன்றின. கோலாலம்பூரில் அலிஸ் சுமித் பள்ளி 1946-இல் தொடங்கியது. பினாங்குக் கொடிமலையில், பழைய கிரேக் ஹோட்டல் கட்டடத்தில், 1955-இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதைத் தொடங்கியது யார் தெரியுமா? தோட்டத் துரைமார்களின் சங்கம்! அவசரகாலத்தில் தோட்டங்களில் ஆபத்து அதிகம் என்பதால் தங்கிப் படிக்கும் பள்ளியாக அது நடந்தது. இன்றும் அது அனைத்துலகப் பள்ளியாகப் பினாங்கில் இருக்கிறது.

ஆக, இந்தப் பள்ளிகள் வெளிநாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. போன பிறகு அந்த ஊர்ப் பள்ளியில் தொடர வேண்டும். அதற்கேற்ற பாடம், அதற்கேற்ற தேர்வு. இதை மறக்காமல் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

நம் நாட்டுப் பிள்ளைகள் இவற்றில் சேர முன்பு கட்டுப்பாடு இருந்தது. மாணவர்களில் நாற்பது விழுக்காட்டினர்க்கு மேல் மலேசியர்கள் இருக்கக் கூடாது என்ற வரம்பு 2012-இல் நீக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம், 2003-இல் தொடங்கியது, கைவிடப்படும் என்று 2009 ஜூலையில் அறிவித்தார்கள். "பிள்ளைக்கு ஆங்கிலம் போய்விட்டதே" என்று பெற்றோர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் புதிய கதவு ஒன்று திறந்தது. திறந்ததும் பட்டணத்துக்குப் பட்டணம் பள்ளிகள் முளைத்தன. கடைவீட்டு மாடியில் நடப்பதும் உண்டு. குதிரை ஏற்றம் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

"நீங்க சொன்னா சேர்க்கிறேன் அக்கா"

என் தம்பி கிள்ளானில் இருக்கிறான். சொந்தமாக மூன்று லோரிகள். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பையன், இளையவள் பெண். பையன் தேசியப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு முடித்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினான். ஆசிரியை ஏசுவதும், பிள்ளைகள் கேலி செய்வதும், காலையில் வயிற்று வலி என்று அழுவதுமாக இருந்தான்.

2015 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அனைத்துலகப் பள்ளி ஒன்றைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று தம்பி என்னையும் அழைத்துப் போனான். குளிரூட்டிய வகுப்பறை; பதினெட்டே பிள்ளைகள். நூலகத்தில் தரையில் மெத்தை போட்டுப் பிள்ளைகள் சாய்ந்து படிக்கிறார்கள். வாசலில் நின்ற பெண்மணி பையனின் உயரத்துக்குக் குனிந்து, அவன் பெயரைக் கேட்டுக் கைகுலுக்கினார். அவன் சிரித்தான். பள்ளிக்கூடம் என்ற இடத்தில் அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"அக்கா, நீங்க டீச்சர். நீங்க சொன்னா சேர்க்கிறேன்" என்றான் தம்பி. அன்றே பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று மேசையில் எழுதி வைத்திருந்தார்கள்.

"சேர்த்துடு தம்பி" என்றேன்.

அவ்வளவுதான். ஆசிரியையாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றையும் கேட்கவில்லை. நீச்சல் குளத்தைப் பார்த்தேன், பையனின் சிரிப்பைப் பார்த்தேன், வாயடைத்துப் போனேன்.

இதில் நடந்த நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். சேர்ந்து இரண்டு மாதத்திற்குள் அங்கிருந்த ஓர் ஆசிரியை என் தம்பியை அழைத்து, "உங்கள் மகன் சோம்பேறி இல்லை; இவனுக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம், சோதித்துப் பாருங்கள்" என்றார். டிஸ்லெக்சியா என்பது அறிவுக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் பொருத்திப் படிப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம். சோதித்தார்கள், அதுதான். தனியாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். ஓராண்டில் பையன் கதைப் புத்தகம் கையில் எடுத்தான்.

வாசகர்களே, அந்தப் பையனுக்கு நான் யார்? அத்தை. ஒவ்வொரு விடுமுறையிலும் அவனை உட்கார்த்தி வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான். "பி" என்பதை "டி" என்று வாசித்தபோது கவனம் இல்லை என்று தலையில் குட்டியவளும் நான்தான். பயிற்சிக் கல்லூரியில் படித்துச் சான்றிதழ் வாங்கி அத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்குத் தெரியாமல் போனது, அந்தப் பெண்மணிக்கு இரண்டு மாதத்தில் தெரிந்தது. அனைத்துலகப் பள்ளிகள் எல்லாம் பணம் பறிக்கும் கூடங்கள் என்று யாராவது பேசினால் நான் வாயைத் திறப்பதில்லை. அந்தக் குட்டு இன்னும் என் விரலில் இருக்கிறது.

(இதே ஐயம் உங்கள் பிள்ளைமேல் உங்களுக்கு இருந்தால், பள்ளி மாற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். அரசாங்க மருத்துவமனை வழியாகவும் செய்யலாம். கோலாலம்பூரில் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் என்று ஓர் அமைப்பும் உள்ளது.)

கணக்கு எங்கே தவறியது?

விளம்பரத் தாளில் இருந்தது தவணைக்கு 5,400 வெள்ளி. ஆண்டுக்கு மூன்று தவணை. 16,200 என்று தம்பி கணக்குப் போட்டான். மாதத்துக்கு 1,350, லோரித் தொழிலில் அது முடியும் என்று நினைத்தான்.

சேரும் அன்றைக்கே தள்ளுபடி போகப் பதிவுக் கட்டணம் 1,500, வைப்புத்தொகை 5,400, முதல் தவணை 5,400. ஆக 12,300 வெள்ளி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. பிறகு வேன் கட்டணம் மாதம் 250. பையனுக்குக் கொடுத்த தனி உதவி இலவசம் அன்று. தவணைக்கு 1,200 வெள்ளி. சீருடை மூன்று வகை, மடிக்கணினி, சுற்றுலா, பிறந்தநாள் விருந்துக்கு அன்பளிப்பு. முதலாண்டிலேயே 24,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கட்டணம் ஆறு விழுக்காடு ஏறியது. ஆறு என்பது சின்ன எண்ணாகத்தான் தெரியும். 16,200 வெள்ளி ஆறாவது ஆண்டில் 21,700 ஆகிவிட்டது. நம் சம்பளம் அப்படி ஏறுகிறதா, சொல்லுங்கள்?

அனைத்துலகப் பள்ளிகளில் இது நடுத்தரத்துக்கும் கீழான கட்டணம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் வாங்கும் பள்ளிகளும் இங்கே உண்டு. ஆண்டுக் கட்டணம் 60,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் 2025 ஜூலை 1 முதல் ஆறு விழுக்காடு சேவை வரியும் சேர்ந்துகொள்கிறது.

கணக்கில் எழுத முடியாத செலவு ஒன்றும் இருந்தது. இளையவளுக்கு ஏழு வயதானபோது தம்பியிடம் இன்னொரு பிள்ளைக்குக் கட்டப் பணமில்லை. அவளைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தான். ஒரே வீட்டிலிருந்து காலையில் இரண்டு வாகனம். அண்ணனை ஏற்றக் குளிரூட்டிய வேன். தங்கையை ஏற்ற அம்மாவின் மோட்டார் சைக்கிள். ஒரு முறை நான் போயிருந்தபோது, "அத்தை, நான் கெட்டிக்காரின்னா என்னையும் அங்கே சேர்ப்பாங்களா?" என்று அவள் கேட்டாள். அவள் அப்போதே வகுப்பில் முதல் மாணவி. என்ன பதில் சொல்ல? "முதல்ல சாப்பிடும்மா" என்றேன்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. லோரிகள் நின்றன. பள்ளியும் மூடியது, பாடம் கணினியில் நடந்தது. பத்து விழுக்காடு கழித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைக் கட்டச் சொன்னார்கள். பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள், கடிதம் எழுதினார்கள். "ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே" என்றது பள்ளி. அதுவும் உண்மைதான். தம்பி ஒரு லோரியை விற்றுக் கட்டினான். 2021 இறுதியில் இன்னொன்றை விற்கும் நிலை வந்தபோது பையனை நிறுத்திவிட்டான். ஒரு முழுத் தவணைக்கு முன்னதாக எழுத்தில் தெரிவிக்கவில்லை என்பதால் வைப்புத்தொகை திரும்ப வரவில்லை. சேர்க்கைப் பாரத்தில், பின்பக்கத்தில், அது இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் நானும் பக்கத்தில்தான் நின்றேன். ஆறு ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் வெள்ளி போயிருக்கும்.

உள்ளே போகும் கதவும் வெளியே வரும் கதவும்

பணம் போனது பெரிதில்லை. அடுத்து நடந்ததைக் கேளுங்கள்.

2022 மார்ச்சில் பையன் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தில் உட்கார்ந்தான். ஆங்கிலத்தில் ஆசிரியரையே அசத்தினான். மலாயில் எழுதிய வரலாற்றுப் பாடம் அவனுக்குப் புரியவில்லை. பழைய பள்ளியில் மலாய் இருந்தது. வாரத்தில் சில பாடவேளைகள், அயல்மொழி போல. கதை கேட்க, கடையில் பேசப் போதும். இடைநிலைப்பள்ளிக் கட்டுரை எழுதப் போதாது. தமிழ் சுத்தமாக இல்லை. பாட்டிக்குப் பேச மட்டும் தெரியும்.

கொடிமலைப் பள்ளியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இந்தப் பள்ளிகளின் பாதை வேறு ஊருக்குப் போகிற பாதை. பெரும்பாலானவற்றில் பதினாறு வயதில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற தேர்வு. கேம்பிரிட்ஜ் அதை நடத்தத் தொடங்கியது 1988-இல். நல்ல தேர்வுதான், தனியார் கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அது படிக்கட்டு. ஆனால் நம் அரசாங்கப் பல்கலைக்கழகம், மெட்ரிகுலேஷன், ஆசிரியர் பயிற்சிக் கழகம், அரசாங்க வேலை, இவற்றின் வாசலில் கேட்பது எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட். வரலாற்றில் தேர்ச்சியும் வேண்டும். 2013 முதல் அது இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது.

பையனுக்கு ஏழு வயதில், உள்ளே போகும் கதவை மட்டும் நாம் பார்க்கிறோம். பதினாறு வயதில் அவன் எந்தக் கதவு வழியாக வெளியே வருவான், அந்தக் கதவுக்கு வெளியே கட்ட நம்மிடம் பணம் இருக்குமா என்பதைப் பார்ப்பதில்லை. ஐ.ஜி.சி.எஸ்.இ. முடித்த பிள்ளைக்கு அடுத்த படியும் பெரும்பாலும் பணம் கட்டும் படிதான். பாதியில் இறங்கினாலோ, ஓடுகிற ரயிலிலிருந்து குதிக்கிற கதைதான்.

பயிற்சிக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இதைச் சரியாகச் செய்தாள். கணவர் எண்ணெய்க் கம்பெனிப் பொறியியலாளர். மகளைச் சேர்க்கும் முன்பே பதினொரு ஆண்டுக் கட்டணத்தையும், ஆண்டுக்கு ஏழு விழுக்காடு ஏறும் என்று வைத்து, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். அதற்குப் பிறகு மூன்றாண்டுப் பல்கலைக்கழகச் செலவையும் எழுதினாள். இரண்டையும் கூட்டி, கணவர் ஒருவரின் சம்பளத்தில் முடியுமா, அவருக்கு வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்த பிறகே பாரம் வாங்கினாள். மகளுக்கு வாரம் இரு முறை மலாய் டியூஷன். பள்ளித் தேர்வோடு, எஸ்.பி.எம். மலாய்மொழியையும் வரலாற்றையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே தமிழ் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் இப்போது வெளிநாட்டில் சட்டம் படிக்கிறாள்; தாத்தாவுக்குத் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறாள். "எனக்குப் பள்ளி பாதி வேலைதான் செய்தது, மீதியை நான் வீட்டில் செய்தேன். கட்டணம் மட்டும் முழுசு!" என்று தோழி சிரிப்பாள்.

ஜொகூர் பாருவில் இன்னொரு குடும்பம். தந்தை தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை. சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குகிறவருக்கு இங்குள்ள கட்டணம் மலிவாகத் தெரிந்தது. அவர்களுக்கு வந்த குறை வேறு விதம். மூன்று ஆண்டில் மகளுக்கு ஐந்து வகுப்பாசிரியர்கள். வெளிநாட்டு ஆசிரியர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுகிறார்கள். பிறகு பள்ளி வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது, முதல்வரும் மாறினார். பிள்ளைகளுக்கு வீடு மாதிரி இருந்தது கடை மாதிரி ஆகிவிட்டது என்றார் அந்தத் தாயார். தனியார் பள்ளி என்பது ஒரு வியாபாரமும் கூட. நாளை அது மூடினால் உங்கள் பிள்ளையை எங்கே உட்கார வைப்பீர்கள் என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

என் தம்பி மகனுக்கு வருவோம். அவனுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த தங்கை! சாப்பாட்டு மேசையில் அவளுடைய கட்டுரை நோட்டைத் திறந்து வைத்து, "அண்ணா, இந்த வாக்கியத்தைச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்று அதட்டுவாள். பதினைந்து வயதுப் பையன், பன்னிரண்டு வயதுத் தங்கையிடம், முகம் சிவக்க உட்கார்ந்து படித்தான். எஸ்.பி.எம்.மில் மலாய்மொழிக்கு டி வந்தது, கிரெடிட் இல்லை. 2025-இல் மறுதேர்வு எழுதி சி வாங்கினான். தேர்வு முடிவைக் காட்ட அவன் முதலில் ஓடியது தங்கையிடம். இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நேர்முகத்தில் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசினானாம். அந்தப் பள்ளி கொடுத்தது அது, மறுப்பதற்கில்லை.

"சேர்த்தது தப்பா அக்கா?" என்று தம்பி ஒரு நாள் கேட்டான். அவன் என்னைக் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டான். சேர்க்காமல் இருந்தால் பையனுக்கு இருந்த சிரமம் என்னவென்றே தெரிந்திருக்காது. அது தெரிந்த பிறகு, இரண்டாம் ஆண்டிலேயே எடுத்திருக்கலாம். அப்போது மலாயும் கெட்டிருக்காது, லோரியும் போயிருக்காது. ஆனால் சேர்த்த பிறகு எடுப்பது எவ்வளவு கடினம்! சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள், பையன் நண்பர்களை விட்டு வருவானா, இன்னும் ஒரு தவணை பார்ப்போம், இன்னும் ஒரு தவணை பார்ப்போம். இதைத்தான் அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றான்.

அந்தத் தாயாரிடம் என்ன சொன்னேன்?

இத்தனையும் மனத்தில் ஓடத்தான் அந்தத் தாயாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொன்னால் என் பள்ளியைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று ஆகும். சரி என்று சொன்னால் இன்னொரு முறை அதே சொல்.

ஒரு தாளை எடுத்து எழுதிக் கொடுத்தேன். பள்ளி கல்வி அமைச்சில் பதிவு பெற்றதா, அதன் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 1996 கல்விச் சட்டத்தின்படி பதிவு இல்லாமல் தனியார் பள்ளி நடத்தக் கூடாது. கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு ஏறியது என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள். பையனை நிறுத்த வேண்டி வந்தால் எத்தனை மாதம் முன்னால் எழுதித் தர வேண்டும், வைப்புத்தொகை வருமா என்று கேளுங்கள். பத்தாண்டு கழித்து இவன் எஸ்.பி.எம். மலாய்மொழி எழுத வேண்டுமென்றால் பள்ளி என்ன செய்யும் என்று கேளுங்கள். இப்போதுள்ள ஆசிரியர்களில் எத்தனை பேர் மூன்றாண்டுக்கு மேல் அங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அன்றே பதிந்தால் தள்ளுபடி என்றால் அன்றைக்குப் பதியாதீர்கள். கடைசியாக, சேமநிதியின் மூன்றாவது கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதைத் தவணைக் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள் என்றேன்.

அங்கேயே கைப்பேசியில் பார்த்தார். மாதச் சந்தாவில் பத்து விழுக்காடுதான் அந்தக் கணக்கில் விழுகிறது. வகுத்தால் ஒரு தவணைகூட முழுதாக வரவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துத் திரும்ப வந்தார். பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். பதிவுச் சான்றிதழ் சுவரிலேயே மாட்டியிருந்ததாம். வைப்புத்தொகையைப் பற்றித் தெளிவாகச் சொன்னார்களாம். எஸ்.பி.எம். மலாயைப் பற்றிக் கேட்டதும், "பிறகு மின்னஞ்சலில் தெரிவிக்கிறோம்" என்றார்களாம், இன்னும் வரவில்லை.

"சரி டீச்சர். இப்போ உங்ககிட்ட கேட்கிறேன்" என்றார். "அவன் நல்லாப் படிக்கிறானா? உண்மையைச் சொல்லுங்க."

"தமிழும் கணக்கும் நல்லா வருதும்மா. மலாயும் பரவாயில்லை. ஆங்கிலம் வரலை."

"ஏன் வரலை?"

அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டவள். எனக்கு அவரை நேராகப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆங்கில ஆசிரியை ஜூலையில் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பதில் இன்னும் ஆள் வரவில்லை. நானும் தலைமையாசிரியரும் மாறி மாறிச் சமாளிக்கிறோம். இருபத்தைந்தாயிரம் வெள்ளி கட்டினாலும் கிடைக்காத சின்ன வகுப்பு எங்களுடையது. மூன்றாம் ஆண்டில் ஏழே பிள்ளைகள். அந்த ஏழு பேருக்கும் ஆங்கிலத்துக்கென்று ஓர் ஆசிரியர் இல்லை.

"எப்போ வருவாங்க?" என்றார்.

"தெரியலம்மா."

என்னுடைய தாளில் இந்தக் கேள்வி இல்லை. அவராகக் கேட்டது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ஜூன் வரைக்கும் பார்க்கிறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி மறுபடி திறந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலக அறையில் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தோட்டத்து ஐயா ஒருவர் உதவிக்கு வருகிறார். முதல் சனிக்கிழமை நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பையனை அவன் அம்மா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். இரவு வேலைச் சட்டை இன்னும் மாற்றவில்லை. வகுப்பு முடியும் வரையில் வாசலில், சாமான் வைக்கும் பலகைமேல், உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.